ஆஃப்சைடுக்குக் கூடிய பஞ்சாயத்து

தலைவர் இருந்தார், பிளாஸ்டிக் நாற்காலியில்.

பஞ்சாயத்தார் நான்கு பேர் இருந்தார்கள், கீழே பாயில்.

தோற்ற அணியின் கேப்டன் இருந்தான். பஞ்சாயத்தாரில் ஒருவருடைய மகன்.

அதே அணியின் ஒன்பதாம் நம்பர்க்காரன் இருந்தான். குனிந்து மணலில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான்.

ஆட்டத்தைச் செல்லில் படம் பிடித்தவன் இருந்தான்.

கொடி பிடித்த தேசப்பன் இருந்தான். அவனை மட்டும் நிற்க வைத்திருந்தார்கள்.

தேசப்பனின் சம்சாரம் கோயில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அந்த ஊர்ப் பஞ்சாயத்துக்குள் பெண்கள் வருவதில்லை.

ஊர் ஆண்கள் இருந்தார்கள்.

நான் இருந்தேன்.

எங்கள் நடுவர் சங்கத்திலிருந்து ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை.

கூட்டம் கூடியது ஒரு ஆஃப்சைடுக்காக.

புதிதாக நடுவர் பரீட்சை எழுதி விசில் வாங்கியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் பாய் என்று சங்கத்தில் கேட்டார்கள். நான் ஏழாவது வரைக்கும் படித்தவன். பழவேற்காட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் விசில். முட்டி போனது, இரண்டையும் விட்டேன். எங்கே நிற்பது, எப்படி ஓடுவது, கையை எப்படிக் காட்டுவது எல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நான் எழுதவில்லை. வகுப்பில் சொல்லாததை எழுதுகிறேன்.

முதலில் திட்டைப் பற்றி. திட்டு வரும். கரையில் நிற்கிறவன் திட்டினால் அது காற்று. அதற்குத் திரும்பிப் பார்க்காதீர்கள். உள்ளே ஆடுகிறவன் திட்டினால் அது காற்று இல்லை. அதற்கு அட்டை இருக்கிறது. ஆரம்பாக்கத்தில் ஒரு ஆட்டம். என்னோடு அன்று வந்திருந்த நடுவர் நல்ல மனுஷன். ஒரு பையன் அவர் அம்மாவைச் சொல்லித் திட்டினான். சின்னப் பையன், போகட்டும் என்று விட்டார். பாதி ஆட்டத்துக்குப் பிறகு இரண்டு அணியும் அவரைத் திட்டியது. முடியும்போது அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் விசில் எடுக்கவே இல்லை.

இப்போது பேசிக்கொள்கிறார்கள், நடுவர்களைக் காப்பாற்றப் புது விதி வேண்டும் என்று. இருக்கிற விதி போதும். அதை எடுத்துக் காட்ட வேண்டும். நான் எடுத்துக் காட்டினேன். காட்டினால் என்ன ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் இது.

பஞ்சாயத்து கூடிய மீனவக் குப்பத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே இன்றும் போட்டி நடக்கிறது. உங்களில் யாராவது போக வேண்டி வரும். பழவேற்காட்டிலிருந்து படகில் போய்விடலாம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

திருவிழா முடிந்ததும் அங்கே ஃபுட்பால் போட்டி வைப்பார்கள். மணல் மைதானம். சுண்ணாம்புக் கோடு காற்றில் பறந்துவிடும் என்று பழைய கயிற்றை மண்ணோடு மண்ணாகப் பதித்து எல்லை போடுவார்கள். சவுக்குக் கழி கோல் கம்பம். கிழிந்த இறால் வலை கோல் வலை. அந்த வருஷம் கடைசி ஆட்டம் அந்தக் குப்பத்துக்கும் பக்கத்துக் குப்பத்துக்கும். இரண்டு ஊருக்கும் ஏரியில் வலை கட்டும் எல்லையில் தகராறு. போலீஸ் வரை போன தகராறு. அதனால் வேறு யாரிடம் தோற்றாலும் இவர்களிடம் தோற்கக் கூடாது என்று இரண்டு பக்கமும் இருந்தது.

கோட்டோரம் நின்று கொடி பிடிக்க இரண்டு பேர் வர வேண்டும். ஒருவர் வந்தார். பொன்னேரியிலிருந்து வர வேண்டியவர் பஸ்ஸை விட்டுவிட்டார். ஆட்டம் பார்க்க தேசப்பன் வந்திருந்தான். அதே குப்பத்து மீனவன். என்னோடு பரீட்சை எழுதித் தேறியவன். சொந்த ஊர் ஆட்டத்தில் நிற்பதில்லை என்பது எங்கள் வழக்கம். அதை இரண்டு கேப்டனையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இன்னா பாய் இதுக்குப் போய். நம்ம ஆளு. புடிக்கட்டும்," என்றான் உள்ளூர் கேப்டன்.

பக்கத்துக் குப்பத்துக் கேப்டனும் தலையாட்டினான். "எங்களுக்கும் ஒண்ணும் இல்ல பாய். எங்க ஊரு பொண்ணத்தான கட்டிக்கீறாரு. எங்க மாப்ள."

"மாப்ள, மாமியா ஊட்டு மீன் கொழம்பு ஞாபகம் கீதா?" என்று அவன் பின்னால் இருந்து ஒருத்தன் குரல் கொடுத்தான்.

"கொழம்பு கீது. கொடி வேற," என்றான் தேசப்பன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் கொடியைக் கொடுத்தேன். வேறு ஆள் இல்லை.

இதைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் அவனுக்குச் சம்மதம் சொன்னது. ஆனால் அவன் நேர்மையானவன் என்று சொல்லவில்லை. அவன் நம்ம பக்கம் என்று இரண்டு பேரும் சொன்னார்கள். அப்படிப்பட்ட சம்மதம் ஒரு பக்கம் கட்டாயம் முறியும்.

முறிந்தது ஆட்டம் முடியும் நேரத்தில். பக்கத்துக் குப்பம் ஒரு கோல் போட்டு முன்னால் இருந்தது. உள்ளூர் அணி எல்லா ஆளையும் முன்னால் தள்ளி ஆடியது. பந்து அவர்கள் பக்கத்திலிருந்து ஒரே உதையில் நீளமாகப் போனது. நான் பின்னால் மாட்டிக்கொண்டேன். எனக்கும் பந்துக்கும் நடுவில் ஏழெட்டு முதுகு. ஒன்பதாம் நம்பர்க்காரன் தனியாகப் பந்தை வாங்கினான், போட்டான். வலைக்குள் போனது. ஊரே கோட்டுக்குள் இறங்கிவிட்டது. வெடி கொளுத்திவிட்டார்கள்.

நான் தேசப்பனைப் பார்த்தேன். கொடி மேலே நின்றது. பந்தை உதைக்கும்போதே ஒன்பதாம் நம்பர்க்காரன் எதிரணியின் கடைசி ஆளைத் தாண்டி நின்றான் என்று அர்த்தம். அவன் ஓடவில்லை, கத்தவில்லை, யாரையும் பார்க்கவில்லை. நேராக நின்றான். கொடி அசையவில்லை.

கொடியை நான் பார்க்காத மாதிரி இருந்திருக்கலாம். ஊர் சத்தத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் கேட்டிருப்பார்கள், அன்று அங்கே அவர்கள் கொஞ்சம் பேர்தான். இந்தக் கணக்கெல்லாம் ஒரு மூச்சுக்குள் மனதில் ஓடும். உங்களுக்கும் ஓடும். ஓடினால் தப்பில்லை. அதைக் கேட்டு நடக்கக் கூடாது.

ஊதினேன். ஆஃப்சைடு என்று கையைத் தூக்கினேன்.

கேப்டன் என்னிடம் வரவில்லை. நேராக தேசப்பனிடம் போனான். போகிற வேகத்திலேயே வாய் திறந்துவிட்டான். அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மார்பில் கை வைத்துத் தள்ளினான். தேசப்பன் கயிறு தடுக்கி உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபடியே கொடியைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

சிவப்பு அட்டையைக் காட்டினேன். வாய்க்கு ஒன்று போதும், கைக்கும் அதே ஒன்றுதான். நான் விசில் எடுப்பதற்கு முன்னாலிருந்து இருக்கிற விதி.

"எங்க ஊர்ல எனக்கே ரெட்டா?" என்றான்.

"ஆமா. வெளிய போ. நீ போனாத்தான் ஆட்டம்."

போனான். பந்தை வைத்து ஆட்டத்தை ஆரம்பித்தேன். ஆரம்பித்துவிட்டால் பழைய முடிவை யாரும், நானும்கூட, மாற்ற முடியாது. அதுவும் விதி. கொஞ்ச நேரத்தில் முடித்தேன். உள்ளூர் தோற்றது. கப்பைப் பக்கத்துக் குப்பம் படகில் ஏற்றிக்கொண்டு போனது. போகும்போது கையை மேலே தூக்கிக் கொடி மாதிரி ஆட்டிக் காட்டினார்கள். அதைச் செய்திருக்க வேண்டாம்.

மறுநாள் காலையில் எல்லார் செல்லிலும் படம் வந்துவிட்டது. கரையில் ஏற்றி வைத்திருந்த படகு மேல் நின்று எடுத்தது. படத்துக்கு மேலே 'மாமியா ஊட்டுக் கொடி' என்று எழுதியிருந்தது. ஐஸ் வாங்க வந்தவர்கள் எனக்கே காட்டினார்கள். பாய் எவ்வளவு வாங்குனாரு என்று கீழே ஒருத்தர் கேட்டிருந்தார். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. என்னைப் பற்றி எழுதுவது காற்று.

தேசப்பனைப் பற்றி எழுதுவது காற்று இல்லை. அதை விளங்கிக்கொள்ள உங்களுக்குப் பாடு என்றால் என்ன என்று தெரிய வேண்டும். உங்களில் டவுன் பிள்ளைகள் இருக்கிறீர்கள்.

ஏரியில் எல்லா இடத்திலும் இறால் வராது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் சில இடம்தான் தேறும். அந்த இடத்தில் வலை கட்டுவதற்கு ஊர்க் குடும்பங்களுக்கு முறை உண்டு. அந்த முறைக்குப் பாடு என்று பேர். யாருக்கு எந்த நாள் என்று வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் முன்னால் சீட்டுப் போடுவார்கள். உன் பாடு வருகிற நாளில் நீ கட்டுகிறாய். மற்ற நாளில் ஏரியில் சும்மா வலை வீசுகிறாய், கிடைத்தால் உண்டு. வருஷத்துச் சோறு பாடு கிடைக்கிற நாளில்தான் இருக்கிறது. ஊர் ஒருவன் மேல் கோபப்பட்டால் அடிக்காது. சீட்டில் அவன் பெயரைப் போடாது.

சீட்டு அடுத்த வாரம்.

தேசப்பன் என்னிடம் வரவில்லை. அவன் சம்சாரம் வந்தாள், ஐஸ் கம்பெனி வாசலுக்கு.

"பேர எடுக்கப் போறாங்க பாய்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? தண்ணி புடிக்கற எடத்துல எனக்கு வழி உடல. பின்னால நில்லுனாளுங்க. உங்க ஊருக்குத்தான கொடி தூக்குனான், அங்க போய் புடினாளுங்க."

"அவன் இன்னா சொல்றான்?"

"அது இன்னா சொல்லும். வலைய எடுத்து வச்சு பொத்தல் தைச்சினு குந்தினு கீது." ஒரு அடி கிட்டே வந்தாள். "நீங்க ஒரு வார்த்த சொன்னா உடுவாங்க பாய். நீங்களே பாத்து ஊதுனதா சொல்லுங்க. கொடிய பாக்கலனு சொல்லுங்க."

நான் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். என்ன சொல்வேன் என்று சொல்லவில்லை.

சங்கத்துக்கு போன் போட்டேன், பொறுப்பில் இருந்தவர் எடுத்தார். சொந்த ஊர்க்காரனுக்குக் கொடியைக் கொடுத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அப்புறம், ஊரோடு கொஞ்சம் அனுசரித்துப் போக வேண்டும் பாய், கடைசி நிமிஷம், உள்ளூர்க் கூட்டம் என்றார். அந்த ஆஃப்சைடு தப்பா என்று கேட்டேன். தப்பு என்று சொல்லவில்லை, அனுசரித்து என்றுதான் சொல்கிறேன் என்றார். வருவதாகச் சொன்னார். அவர்தான் நான் முதலில் எழுதிய, வராத ஆள்.

இதையும் கவனியுங்கள். உங்களைக் குறை சொல்கிறவர்களில் வெளி ஆள் குறைவு.

பஞ்சாயத்துக்குப் போனேன். என்னைக் கூப்பிடவில்லை. போனேன்.

"வா பாய். குந்து," என்றார் தலைவர்.

"நிக்கறேன் தலைவரே."

"வீடியோ பாத்தியா?"

"பாத்தேன்."

"நம்ம பையன் அவங்க கடைசி ஆளுக்குப் பின்னாலதான கீறான்? அப்பறம் எப்படி ஆஃப்சைடு?"

"படகு மேல இருந்து சாய்வா எடுத்தது. சாய்வா பாத்தா முன்னால நிக்கறவன் பின்னால தெரிவான். நேரா கோட்டுல நின்னு பாக்கணும். அதுக்குத்தான் அங்க ஒரு ஆள நிக்க வைக்கறோம்."

படம் பிடித்தவன் எழுந்தான். "செல்லு பொய் சொல்லுமா பாய்?"

"அது சொல்லாது. நீ நின்ன எடம்தான் கோணல்."

ஒருத்தன் சிரித்தான். தலைவர் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். போகும் வழியெல்லாம் படகில் அதைத்தான் யோசித்துக்கொண்டு போனேன். பொய் இல்லாமல் அவனை வெளியே எடுக்க விதியில் ஒரு வழி இருந்தது.

"ஒரு ரூலு சொல்றேன் தலைவரே. கொடி தூக்கறது தகவல். ஆட்டத்த நிறுத்தறது விசில். தேசப்பன் பொழுதுக்கும் கொடிய தூக்கினு நின்னாலும் நான் ஊதலன்னா அது கோல்தான். ஊதனது நான். கோல் இல்லன்னது நான். தண்டம் போடறதுன்னா எனக்குப் போடுங்க."

 வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன்.

"உனக்கு எப்படி பாய் போடறது?" என்றார் தலைவர். கோபமாகக் கேட்கவில்லை. "நீ எங்க ஊரு தலக்கட்டா? உனக்கு இங்க பாடு கீதா? பங்கு கீதா? உங்கிட்டேருந்து நாங்க எத எடுக்கறது? ஐஸு கட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். 

"உன் ரூலு கயித்துக்கு உள்ள. நாங்க ஒண்ணும் சொல்லல. இது கயித்துக்கு வெளிய. இங்க எங்க ரூலு. நாங்களும் புதுசா போடல, எங்க தாத்தா போட்டது. ஊரு மானத்த வெளி ஊருக்கு குடுத்தவனுக்கு ஊரு பாடு கெடையாது."

அவரும் இருக்கிற விதியைத்தான் எடுத்தார். 

கேப்டனின் அப்பா பாயில் இருந்தபடி கேட்டார். அவர் நிதானமானவர். "ஒண்ணே ஒண்ணு பாய். அவன் கொடி தூக்கலன்னா நீ ஊதியிருப்பியா?"

இதுதான் கேள்வி. நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காக.

ஊதியிருப்பேன், நானே பார்த்தேன் என்றால் அவன் பிழைத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஊதியிருக்க மாட்டேன் என்றால் எல்லாம் அவன் தலையில். ஒன்று பொய். இன்னொன்று அவன் குழந்தைகளின் சோறு. பொய் சொன்னால் என்ன, யாருக்கு நஷ்டம் என்று தோன்றும். ஆனால் பார்க்காததைப் பார்த்தேன் என்று ஒரு தடவை சொன்ன நடுவர் அதற்குப் பிறகு எதைப் பார்த்தேன் என்றாலும் அதற்கு என்ன மதிப்பு. இதையும் யோசித்தேன். அதையும் யோசித்தேன். 

நான் யோசித்து முடிப்பதற்குள் தேசப்பன் பேசினான். 

"பாய் பாத்துருக்க முடியாது. பின்னால இருந்தாரு. நடுவுல ஆளுங்க. நான்தான் பாத்தேன். நான்தான் தூக்கினேன்."

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

தலைவருக்கு அவன் மேல் பிரியம் உண்டு. அது தெரிந்தது. "தேசு, கண்ணு தவறிடுச்சினு ஒரு வார்த்த சொல்லிடு. அம்மனுக்கு ஒரு தேங்கா ஒடைச்சிட்டுப் போ. உன் சீட்டு உனக்கு."

"தவறல நைனா."

"புள்ளைங்க கீது உனக்கு."

"கீது."

"அப்ப சொல்லேன்டா."

"தவறலையே. எப்படி சொல்றது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் பேசுகிற ஆள் இல்லை. அன்று பேசினான்.

"ஏரியில நம்ம எல்லைக்கு மொளை அடிக்கறப்ப யார கூப்புடறீங்க? என்னத்தான. லைட்டவுஸும் கோயில் பனையும் ஒண்ணா சேர்ற எடம் பாருனு என்னத்தான படகுல ஏத்துறீங்க. ரெண்டு அடையாளத்த ஒரு கோட்டுல புடிக்கறதுதான் அங்கயும். இங்கயும் அதேதான். அதே கண்ணு. இது தவறிச்சின்னா அதுவும் தவறிச்சு. அப்ப மொளைய புடுங்கிப் போட்றலாமா?"

சொன்னது சரி. நான் கேட்டதிலேயே சரியான பேச்சு அதுதான். அதுதான் அவனைக் கவிழ்த்தது.

எல்லைத் தகராறு நடந்துகொண்டிருக்கும் ஊரில், எல்லை பார்த்தவனே, ஊர் கூடியிருக்கும்போது, அந்த எல்லை தவறாக இருக்கலாம் என்று வாயால் சொல்லிவிட்டான். அவன் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் காதில் அப்படித்தான் விழுந்தது. பின்னால் இருந்து சத்தம் கிளம்பியது.

"மொளைய புடுங்கி மாமியா ஊட்டுக்குக் குடுப்பியா?"

"இன்னிக்கு கோலு, நாளைக்கு ஏரியா?"

"இவன வச்சிக்கினா எல்ல கெட்டுது தலைவரே."

தலைவர் முகம் மாறியது. இதற்கு மேல் அவராலும் விட முடியாது என்று எனக்குப் புரிந்தது.

எனக்கு ஒரு வழிதான் மீதி. ஒன்பதாம் நம்பர்க்காரனிடம் திரும்பினேன். பந்து உதைக்கப்பட்ட நேரத்தில் அவன் எங்கே நின்றான் என்பது அவனுக்குத் தெரியும். எல்லோரையும் விட அவனுக்குத்தான் தெரியும்.

"தம்பி, நீ சொல்லு. பந்து ஒதைக்கறப்ப ஒனக்கு முன்னால கோல் கீப்பர தவிர யாரு இருந்தா?"

தலையைத் தூக்கவில்லை.

"சொல்லுப்பா. உன்ன யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

கேப்டன் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.  சும்மா உட்கார்ந்திருந்தான்.

"ஞாபகம் இல்ல பாய்," என்றான் ஒன்பதாம் நம்பர்க்காரன். மணலில் போட்ட கோட்டைக் கையால் அழித்தான்.

கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். தூக்காதவர்களும் இருந்தார்கள், அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். ஒரு வருஷத்துச் சீட்டில் தேசப்பன் பெயர் கிடையாது என்று ஆனது.

வெளியே வந்தேன். அவன் சம்சாரம் சுவரோரம் நின்றாள். எல்லாம் கேட்டிருந்தாள்.

"பாத்தேன்னு சொல்லியிருக்கலாம் பாய்," என்றாள். "அது பேசறதுக்கு முன்னால சொல்லியிருக்கலாம். உங்களுக்கு நேரம் இருந்துச்சு."

இருந்தது.  தேசப்பன் வந்தான். வா என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனான்.

அடுத்த வாரம் சீட்டுப் போட்டார்கள்.

அந்த வருஷம் அவன் வீச்சு வலை எடுத்துக்கொண்டு ஏரியில் ஓரம் ஓரமாகப் போனான். கிடைத்தது போதவில்லை. மழைக்கு முன்னால் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்டில் சேர்ந்தான். கன்டெய்னர் லாரிக்குச் சங்கிலி மாட்டுகிற வேலை. துறைமுகம் வேண்டாம் என்று அந்தக் குப்பம் ரோட்டில் உட்கார்ந்தபோது அவனும் உட்கார்ந்தவன். இப்போது அங்கேயே சம்பளம். அதற்கும் ஊரில் பேச்சு வந்தது. வேலையில் இடது கையில் இரண்டு விரல் நசுங்கியது. கொடி பிடிப்பது வலது கை. அதையும் அவனே சொன்னான், நான் கேட்காமல்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருந்தால் சொல்லி அனுப்புவேன். இனிமேல் வேண்டாம் என்று சொல்வான் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். வருவான். நின்று கொடி பிடிப்பான். முடிந்ததும் போய்விடுவான். ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

"உனக்கு என் மேல கோவம் கீதா?"

"எதுக்கு?"

"கொடிய நான்தான கையில குடுத்தேன்."

"வாங்குனது நான்தான பாய்," என்றான். "அடுத்த ஞாயிறு எங்க?"

இறால் சீசன் பாதியில் ஒன்பதாம் நம்பர்க்காரன் ஐஸ் வாங்க வந்தான். அவன் குடும்பத்துக்கு அன்று பாடு. பெட்டி நிறைய ஐஸ் போட்டுக்கொண்டான். போகாமல் நின்றான்.

"பாய்."

"சொல்லு."

"நான் முன்னாலதான் நின்னேன். பந்து வர்றப்ப எனக்கு முன்னால கீப்பர் மட்டும்தான். கொடிய நானும் பாத்தேன். பாத்துட்டுத்தான் அடிச்சேன்."

"இத எங்கிட்ட ஏன் சொல்ற? தலைவர்கிட்ட சொல்லு."

"சீட்டு போட்டாச்சே பாய். இப்ப சொன்னா யாரு பாட்ட எடுத்து யாருக்கு குடுக்கறது? எல்லாரும் கட்டினு கீறாங்க."

அவன் சொன்னதும் சரிதான். ஆரம்பித்துவிட்டால் மாற்ற முடியாது. பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டேன். போனான்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஊதுங்கள். பார்த்ததற்கு ஊதுங்கள், கொடியை நம்பினால் கொடிக்கு ஊதுங்கள். திட்டினால் அட்டையைக் காட்டுங்கள். விதியை மாற்றச் சொல்லி யாரிடமும் போகாதீர்கள், இருப்பதை நடத்துங்கள். ஆனால் கொடியை யார் கையில் கொடுக்கிறீர்கள், ஆட்டம் முடிந்ததும் அவன் எந்த ஊருக்குத் திரும்பிப் போகிறான் என்று பார்த்துக் கொடுங்கள். நாம் படகு ஏறி வந்துவிடுவோம். அவன் அங்கேயே இருப்பான்.

இன்னொன்று. கேப்டனின் அப்பா கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இன்னும் தெரியாது. உங்களிடம் யாராவது கேட்பார்கள். அன்று தேசப்பன் மாதிரி ஒருத்தன் முந்திக்கொண்டு பேச மாட்டான். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எத்தனை ஆட்டம் நடத்தினீர்கள் என்று கேட்கிறார்கள். அதை நான் எண்ணவில்லை. ஒரு ஆஃப்சைடுக்கு தேசப்பன் வீட்டுக்கு வராமல் போன பாடு எத்தனை என்று எண்ணியிருக்கிறேன்.

பதினெட்டு.